துணியில் கத்தரி வைக்குமுன்

கண்டி நகருக்கு வடக்கே, மகாவலி கங்கையின் ஓரத்தில் அமைந்திருக்கிறது கட்டுகஸ்தோட்டை. குருநாகலுக்கும் மாத்தளைக்கும் செல்லும் பெருவீதிகள் இங்கே பிரிகின்றன. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் ஆகிய மூவினத்தாரும் கலந்து வாழும் ஊர். ஆண்டுக்கொரு முறை இவ்வூர்ப் பிள்ளைகள் புத்தகப் பையோடு இன்னொரு பொருளையும் வீட்டுக்குக் கொண்டுவருகின்றனர். அஃது அரசாங்கம் இலவசமாக வழங்கும் சீருடைத் துணி. இத்திட்டம் 1993 ஆம் ஆண்டில் தொடங்கியது. இடையில் 2015 இன் இறுதி தொடக்கம் சில ஆண்டுகள் துணிக்குப் பதிலாக வவுச்சர் கொடுக்கப்பட்டது; பின்னர் மறுபடியும் துணியே வரலாயிற்று. பொருளாதார நெருக்கடிக்குப் பின் வந்த 2023 ஆம் ஆண்டில், நாட்டுக்குத் தேவையான சீருடைத் துணியில் 70 விழுக்காட்டைச் சீன அரசாங்கம் நன்கொடையாக அளித்தது.

அரசாங்கம் கொடுப்பது துணியேயன்றிச் சட்டையன்று. துணி சட்டையாவதற்குத் தையற்காரரின் கை வேண்டும். அக்கைக்குக் கூலி வேண்டும். பாடசாலைகள் தொடங்கும் காலத்தில் எல்லா வீட்டுத் துணியும் ஒரே வாரத்தில் தையற்கடைக்குப் போய்ச் சேருவதால், கூலியோடு காத்திருப்பும் சேர்ந்துகொள்கிறது. இரண்டு மூன்று பெண்பிள்ளைகள் உள்ள குடும்பத்திலே இலவசத் துணியின் தையற்கூலி ஒரு பெருஞ்செலவாகி விடுவதை யாவரும் அறிவர்.

வீட்டின் மூலையில் தையல் மெசின் ஒன்று இருக்கவும் கூடும். தாய்க்கு நேராகத் தைக்கவும் தெரியும். தலையணை உறையும் யன்னற் சீலையும் அவளே தைத்தவைதாம். இருந்தும் பிள்ளையின் சட்டைத் துணியைத் தொட அஞ்சுகிறாள். அவளுடைய அச்சம் தையலைப் பற்றியதன்று, வெட்டைப் பற்றியது. பிழையாகத் தைத்ததைப் பிரித்து மீண்டும் தைக்கலாம். பிழையாக வெட்டிய துணியை ஒட்டவைக்க முடியாது. இவ்வாண்டுக்கு வேறு துணியும் வராது.

இந்த அச்சத்தைப் போக்கும் எளிய கருவிதான் மாதிரித் தாள். சட்டையின் ஒவ்வொரு பகுதியையும், முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப்பட்டி எனத் தனித்தனியே தாளில் வரைந்து வெட்டிக்கொண்டு, அத்தாளைத் துணிமேல் வைத்து வெட்டுவது இம்முறை. பிழை நேருமாயின் தாளில் நேரட்டும், துணியில் நேர வேண்டாம் என்பதே இதன் உட்கருத்து. பழைய பத்திரிகைத் தாள் வீணானால் யாருக்கும் நட்டமில்லை.

நமது பெண்களுக்கு இக்கருத்து புதிதன்று. தையற்காரரிடம் செல்லும்போது நன்றாகப் பொருந்திய பழைய சட்டையொன்றை ‘அளவுச் சட்டை’ என்று கையோடு கொண்டுபோகும் வழக்கம் எத்தனை காலமாக இருந்து வருகிறது! அளவுச் சட்டையைப் பகுதி பகுதியாகத் தாளில் பதித்தால் அதுவே மாதிரித் தாள். தையற்காரர் அத்தாளின்றியே துணியில் நேராகச் சோக்கினால் வரைந்து வெட்டுகிறாரே என்று கேட்கலாம். அவருடைய தாள் அவர் மனத்திலிருக்கிறது. பல்லாண்டுப் பழக்கம் அதை அங்கே வரைந்து வைத்திருக்கிறது.

அளவுவாரியாக வெட்டிய மாதிரித் தாளை முதன்முதலில் பெருவாரியாக விற்பனைக்குக் கொண்டுவந்தவரும் ஒரு தையற்காரரே. அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் மாநிலத்தில் ஸ்டேர்லிங் என்ற சிற்றூரில் வாழ்ந்த எபனேசர் பட்டரிக், 1863 ஆம் ஆண்டில் மனைவி எலனுடன் சேர்ந்து இத்தொழிலைத் தொடங்கினார். அதற்கு முன்னரும் பெண்கள் பத்திரிகைகளில் மாதிரிப் படங்கள் வந்ததுண்டு. ஆனால் அவை ஒரே அளவின. அந்தப் படத்தைத் தன் உடலுக்கேற்பப் பெருக்குவதும் சுருக்குவதும் வாசகியின் பொறுப்பு. பட்டரிக்கோ ஒரே உடையைப் பல அளவுகளில் வெட்டிக் கொடுத்தார். ஆண்பிள்ளைகளின் உடைகளில் தொடங்கிய வியாபாரம் சில ஆண்டுகளிலேயே பெண்களின் உடைகளுக்கும் பரவியது. எலியாஸ் ஹோவ் 1846 இலும், ஐசாக் சிங்கர் 1851 இலும் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தனர் என்பதையும் நினைக்க வேண்டும். இயந்திரம் வீட்டுக்குள் வந்துவிட்டது. வெட்டும் அறிவு வரவில்லை. அந்த இடைவெளியை மெல்லிய தாள் நிரப்பிற்று.

இலங்கையிலும் இயந்திரமே முதலில் வந்தது. சிங்கர் நிறுவனம் 1877 இல் கொழும்புப் புறக்கோட்டையில் கடை திறந்தது. மாதத் தவணையில் பணம் கட்டலாம் என்ற வசதியினால் பின்னாளில் மலைநாட்டு வீடுகளுக்கும் அது ஏறிவந்தது. பெண்ணின் சீதனப் பொருள்களுள் ஒன்றாகவும் இடம்பெற்றது. பூ வேலைப்பாடு செய்த கறுப்பு இயந்திரங்கள் பேத்தியின் காலத்திலும் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் உண்டு.

இங்கே ஒரு விந்தை கவனத்துக்குரியது. இன்று இலங்கையின் பொருள் ஏற்றுமதி வருவாயில் பெரும்பங்கு ஆடைகளாலேயே கிடைக்கிறது. 1992 இல் தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டத்தினால் கிராமப்புறங்களுக்கும் தொழிற்சாலைகள் சென்றன. கண்டிக்கு அண்மையில் பல்லேகலையிலும் கைத்தொழிற் பேட்டை இருக்கிறது. ஆகவே வேகமாகவும் செம்மையாகவும் தைக்கத் தெரிந்த பெண்கள் இந்நாட்டில் எண்ணற்றோர். ஆனால் தொழிற்சாலையில் ஒருத்தி நாள் முழுதும் கழுத்துப்பட்டி மட்டும் வைப்பாள்; மற்றொருத்தி பை மட்டும் தைப்பாள். வெட்டு வேலை வேறோர் அறையில், கணினியில் வரைந்த மாதிரியைக் கொண்டு பல அடுக்குத் துணியில் ஒரே முறையில் நடந்து முடிந்துவிடும். ஆயிரம் சட்டைக்குக் கை பொருத்தியவள் தன் மகளுக்கு ஒரு முழுச் சட்டை வெட்டத் தயங்குவதில் வியப்பில்லை. அவள் கைக்குத் திறமை உண்டு. முழுச் சட்டையின் உருவம் அவளுக்குக் காட்டப்படவில்லை. மாதிரித் தாள் காட்டுவது அவ்வுருவத்தைத்தான்.

இனி, மாதிரித் தாளைக் கையாளும் முறை. கடையில் விற்கும் தாளாயினும், இணையத்தில் இறக்கித் தொடர்பகத்தில் அச்சிடும் தாளாயினும், அளவைப் பார்த்தே தெரிவு செய்தல் வேண்டும், எண்ணைப் பார்த்தன்று. அமெரிக்க மாதிரித் தாளில் 12 என்ற எண் 34 அங்குல மார்பளவைக் குறிக்கும். ஆயத்த ஆடைக் கடையின் 12 அதனின் வேறு. அன்றியும், அத்தாள்கள் ஏறத்தாழ ஐந்தரை அடி உயரமுள்ள பெண்ணை மனத்திற்கொண்டு வரையப்பட்டவை. நமது பெண்களுட் பலர் அவ்வளவு உயரமில்லாதவர். ஆதலின் மார்பளவு பொருந்தினாலும் தோளிலிருந்து இடுப்பு வரையுள்ள நீளத்தைச் சரிபார்க்க வேண்டும். நீளத்தைக் குறைப்பதற்குத் தாளின் அடிவிளிம்பை வெட்டுவது பெரும் பிழை. இடுப்பின் வளைவு இடம் மாறிப்போகும். தாளின் நடுவே குறுக்காக ஒரு மடிப்பு மடித்துவிட்டால் வளைவுகள் அப்படியே இருக்கும்.

அச்சிட்ட தாளில் பெரும்பாலும் ஒரு மூலையில் சிறு சதுரமொன்று இருக்கும். அச்சுப்பொறி தாளின் அளவுக்கு ஏற்பப் படத்தைச் சுருக்கிவிடுவது வழக்கமாதலால், அச்சதுரத்தை அடிமட்டத்தால் அளந்த பின்னரே மற்றத் தாள்களை ஒட்டவேண்டும். நூற்றுக்கு மூன்று குறைந்திருந்தாலும் 30 அங்குலச் சுற்றளவில் ஏறத்தாழ 1 அங்குலம் போய்விடும். பிள்ளைக்கு மூச்சுவிட இடமிராது.

மூச்சுவிடும் இடம் என்பது தையற்கலையில் உவமையன்று. உடலின் அளவு வேறு, உடையின் அளவு வேறு. 26 அங்குல மார்பளவுள்ள சிறுமிக்குச் சீருடைச் சட்டை 30 அங்குலமாவது இருத்தல் நன்று. ஓடவும், கையை உயர்த்திக் கரும்பலகையில் எழுதவும் அந்த 4 அங்குலம் வேண்டும். முப்பதை நான்காகப் பகுத்தால் ஏழரை. தையலுக்கு அரை அங்குலம் சேர்த்தால் 8. முன்பாதியின் தாளும் பின்பாதியின் தாளும் மார்பில் 8 அங்குல அகலமாக வரும். முதுகில் திறப்பு வைப்பதாயின் பொத்தானுக்கு வேண்டிய இடத்தை நடுவிளிம்பில் மேலும் விட வேண்டும். அளவு நாடாவை இறுக்கிப் பிடித்து அளந்துவிட்டு, சட்டை பிடிக்கிறதென்று தாளைக் குறைகூறுவது நியாயமாகாது.

துணியை வெட்டுமுன் நீரில் நனைத்து உலர்த்த வேண்டும். பருத்தித் துணி சுருங்கும். கண்டியின் மழையில் இரண்டு நாள் காயாதிருந்தாலும் இதைத் தவிர்த்தலாகாது. உலர்ந்தபின் துணியின் கரைக்கு இணையாக நெடுக்கு நூல் ஓடுவதைக் காணலாம். மாதிரித் தாளிலுள்ள அம்புக்குறி இந்நூலின் திசையிலேயே கிடக்க வேண்டும். துணியை மிச்சப்படுத்தும் எண்ணத்தோடு தாளைச் சற்றே சாய்த்து வைப்பவருண்டு. அன்றைக்கு வேறுபாடு தெரியாது. சில முறை தோய்த்த பின்னர் சட்டை ஒருபக்கமாக முறுகித் தொங்கும்.

தாளில் முன்பக்கம் பாதியாகவே வரையப்பட்டிருக்கும். துணியை இரண்டாக மடித்து, அம்மடிப்பின்மேல் தாளின் நடுக்கோட்டைச் சேர்த்து வைத்து வெட்டினால் முழு முன்பக்கம் ஒரே துண்டாக வரும். மடிப்பில் வைக்காமல் திறந்த விளிம்பில் வைத்து வெட்டியவர்கள் நெஞ்சின் நடுவே வேண்டாத தையலொன்றைப் போட நேரும். இரண்டு கைகளையும் தாளைப் புரட்டாது ஒரே பக்கமாக வைத்துத் தனித்தனியே வெட்டினால், முகப்புள்ள துணியில் இரண்டும் இடக் கையாகவே அமையும். கையின் மேல்வளைவு கைக்குழியைவிடச் சற்று நீளமாக இருப்பதும் பிழையன்று. தோளின் உருண்டைக்காக விட்ட இடம் அது. மெல்லிய இழையோட்டம் போட்டுச் சுருக்கி உள்ளடக்க வேண்டுமேயன்றி, மிகுதியென்று கத்தரித்துவிடலாகாது. இவையெல்லாம் அனுபவமுள்ளவரும் அவசரத்தில் செய்யும் பிழைகளே.

சீருடையில் மிகவும் கடினமான பகுதி பாவாடையின் மடிப்புகள். கணக்குத் தெரியாமல் இங்கே இறங்கினால் துணி காணாது. மடிப்புகள் ஒன்றையொன்று தொடும்படி நெருக்கமாக வருவதாயின், முடிந்த அகலத்தைப் போல மூன்று மடங்கு துணி வேண்டும். 24 அங்குல இடுப்புக்கு 72 அங்குலம். துணி 36 அங்குல அகலமானால் இரண்டு அகலங்களை இணைக்கலாம். ஆனால் நான்கு விளிம்பிலும் அரை அங்குலம் வீதம் தையலுக்குப் போக 70 தான் எஞ்சும். அப்போது ஒவ்வொரு மடிப்பின் உள்ளாழத்தையும் சிறிது குறைத்துக்கொள்ள வேண்டும். துணி இன்னும் குறைவாயின் மடிப்புகளுக்கிடையே வெற்றிடம் விட்டு, முன்னும் பின்னுமாக எண்ணிக்கையைக் குறைப்பது வழி. பாடசாலை இன்ன மடிப்பென்று விதித்திருந்தால் அதை முதலில் கேட்டறிதல் நல்லது. இக்கணக்கையும் பத்திரிகைத் தாளை மடித்துப் பார்த்தே முடிவு செய்யலாம். தாள் மடிப்பு இடுப்பளவுக்குச் சரியாக வந்துவிட்டால் துணி மடிப்பும் வரும்.

இவ்வளவுக்குப் பின்னும் நல்ல துணியில் உடனே கத்தரி வைக்க வேண்டுவதில்லை. பழைய சேலையின் கிழியாத பகுதியிலோ, நைந்த படுக்கை விரிப்பிலோ மேற்பாகத்தை மட்டும் வெட்டி, பெரிய இழைகளாகப் போட்டு, பிள்ளைக்கு அணிவித்துப் பார்க்க வேண்டும். கழுத்து அண்ணாந்து நிற்கிறதா, கைக்குழி வெட்டுகிறதா, முதுகு இழுக்கிறதா என்பது ஒரு நொடியில் தெரிந்துவிடும். அந்தத் திருத்தத்தைத் தாளில் குறித்துக்கொண்ட பின்னரே சீருடைத் துணிக்குப் போகலாம். ஒரு மாலைப்பொழுது இதற்குச் செலவாகும். முதற் சட்டைக்கு மட்டுமே இச்செலவு.

வீட்டில் தைத்தால் எல்லாம் மலிவு என்று சொல்வது உண்மையாகாது. துணியை விலைக்கு வாங்கி, நூலும் பொத்தானும் வாங்கித் தைக்கும் சாதாரணச் சட்டையைவிட, கடையில் தொங்கும் ஆயத்தச் சட்டை சில வேளைகளில் மலிவாகவே கிடைக்கும். சீருடையின் நிலை வேறு. துணி கையில் இருக்கிறது, மிஞ்சுவது கூலியே. அத்துடன், தையற்கடையில் கேட்டாலும் பெரும்பாலும் கிடைக்காத ஒன்றை வீட்டுத் தையலில் தாராளமாக வைக்கலாம். அஃது அடியிலே 3 அங்குலக் கீழ்மடிப்பு. பிள்ளை வளர வளர அதனைப் பிரித்து இறக்கிவிடலாம். பழைய மடிப்பின் கோடு தெரியாதிருக்க, அதன்மேல் ஈரத் துணியிட்டு அழுத்தித் தேய்ப்பர்.

வேலை முடிந்ததும் தாள்களை எறிந்துவிடலாகாது. ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பெயரையும் ஆண்டையும், மார்பு, இடுப்பு, நீள அளவுகளையும் எழுதி, பெரிய கடித உறையொன்றில் இட்டு வைக்க வேண்டும். அடுத்த ஆண்டு மார்பு 2 அங்குலம் கூடியிருந்தால் நான்கு காற்பகுதிகளுக்கும் அரை அங்குலம் வீதம் கூட்டிப் புதுத் தாளில் வரைந்துகொள்ளலாம். கூட்டும்போது அந்த அரை அங்குலம் முழுவதையும் பக்க விளிம்பில் சேர்க்காமல், ஒரு சிறு பகுதியைத் தோளுக்கும் கொடுத்து, கைக்குழியையும் சற்றே இறக்க வேண்டும். மூத்தவளின் பழைய தாள் இளையவளுக்கும் உதவக்கூடும். அவளுடைய மார்பு, இடுப்பு, நீள அளவுகளை அளந்து, தாளோடு ஒப்பிட்டு வேண்டிய மாற்றம் செய்துகொள்ள வேண்டும்.