புகை போயாச்சு... பாக்கி போகலை!

"ஏனுங்ணா, நிறுத்திப் பதினெட்டு நாளாச்சுங்க. இப்ப டெஸ்ட் எடுத்தா காட்டிக் குடுத்துருமுங்களா?"

சரவணம்பட்டி பேக்கரி ஒன்றில் தேங்காய் பன்னைப் பிய்த்துக்கொண்டே கேட்டான் அந்தத் தம்பி. ஐ.டி. கம்பெனி ஆஃபர் கையில். அடுத்த வாரம் மெடிக்கல். அப்பாவுக்குச் சோமனூரில் நாலு விசைத்தறி. கல்விக் கடன் தவணை வாசலில் நிற்கிறது. ஹாஸ்டலில் சனி, ஞாயிறு என்று ஆரம்பித்தது, ஃபைனல் இயரில் தினசரி ஆகிவிட்டதாம்.

தன்பாத் - ஆலப்புழை எக்ஸ்பிரஸில் கேட்பாரற்றுக் கிடந்த பையில் கஞ்சா என்று கோவைப் பதிப்பில் அடிக்கடி செய்தி படிக்கிறோம். பிடிபடாத பை எங்கே போகிறது என்பதற்கு இந்தத் தம்பி பதில். திட்டுவதற்கு ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இவனுக்குக் கணக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

பி.காம். படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தேய்மானம் போட இரண்டு முறை உண்டல்லவா? மது, நேர்க்கோட்டு முறை. கல்லீரல் மணிக்கு இவ்வளவு என்று ஒரே அளவாகக் கழித்துவிடும். ராத்திரி போட்டது மறுநாளில் பெரும்பாலும் பைசல். கஞ்சா, குறைந்து செல் மதிப்பு முறை. இருப்பதில் ஒரு பங்கு கழியும், மீதியில் ஒரு பங்கு கழியும், அந்த மீதியில்... புத்தகத்தில் பூஜ்யம் வரவே வராது.

காரணம், கொழுப்பு. கஞ்சாவில் போதை தரும் சரக்கின் பெயர் டி.ஹெச்.சி. 1964-ல் இஸ்ரேலில் மெச்சூலம், காவ்னி என்ற இரு விஞ்ஞானிகள் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். (எண்ணெய்ச் சட்டியைச் சோப்பில்லாமல் அலசிப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம்.) போதை சில மணி நேரத்தில் இறங்கிவிடும். சரக்கோ உடம்புக் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்குக் கசியும். கல்லீரல் அதை உடைத்து வெளியே தள்ளும். சிறுநீர் டெஸ்ட் தேடுவது இந்த உடைந்த மிச்சத்தைத்தான். ஒருமுறை இழுத்ததில் நூற்றுக்கு 80, 90 பங்கு ஐந்து நாளில் வெளியேறிவிடுகிறது. தினசரி ஆசாமிக்கு அந்த மிச்சம் பத்தின்மேல் அடுத்த பத்து, அதன்மேல் அடுத்தது என்று வட்டிக்கு வட்டி ஏறுகிறது.

ஆரம்பச் சோதனையில் வழக்கமான கோடு, ஒரு மில்லி லிட்டருக்கு 50 நானோகிராம். ஒரு கிராமை நூறு கோடிப் பங்கு போட்டால் ஒரு பங்கு, ஒரு நானோகிராம். ஒரு பேச்சுக்கு, மூன்று நாளைக்கொரு முறை பாதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். 100-ல் இருப்பவன் மூன்றே நாளில் கோட்டுக்கு வந்துவிடுவான். 800-ல் இருப்பவனுக்குப் பன்னிரண்டு நாள். கொழுப்பிலிருந்து கசிவு இருப்பதால் நிஜத்தில் இன்னும் இழுக்கும். எப்போதோ ஒருமுறை என்றால் மூன்று, நாலு நாள். வாரத்தில் பல நாள் என்றால் பத்து நாள் வரை. தினமும், பல தடவை, பல மாதம் என்றால் ஒரு மாதம், சிலருக்கு அதற்கும் மேல். இரண்டு மாதம் தாண்டியவர்களும் அபூர்வமாக உண்டு. ஆக, தம்பிக்குப் பதினெட்டாம் நாள் காட்டவும் காட்டலாம், காட்டாமலும் போகலாம். தொப்பையைக் கேட்டால் ஓரளவு தெரியும்.

ஹாஸ்டல் வைத்தியங்கள் பலவிதம். எலுமிச்சை, மோர், வேப்பங்கொழுந்து எதுவும் கொழுப்பில் உட்கார்ந்திருப்பதை எழுப்பாது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தால் சிறுநீர் நீர்த்துப் போகும். லேபில் கிரியேட்டினின் பார்த்து, "செல்லாது, இன்னொரு தடவை குடுங்க" என்பார்கள். ஜிம்முக்குப் போய்க் கொழுப்பைக் கரைக்கலாமே என்றால், அதிலும் ஒரு வேடிக்கை. 2013-ல் ஆஸ்திரேலியாவில் தினசரி புகைப்பவர்கள் 14 பேரை 35 நிமிஷம் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். ரத்தத்தில் டி.ஹெச்.சி. குறையவில்லை, லேசாகக் கூடியது! முடியில் பார்த்தால் சுமார் மூன்று மாதக் கணக்கு தெரியும். பழநியில் மொட்டை போட்டு வந்தாலும் உடம்பில் வேறு இடத்து முடியை எடுத்துக்கொள்வார்கள், முருகா!

எனக்கு உறுத்துகிற விஷயம் வேறு. சிறுநீர் டெஸ்ட் போதையை அளப்பதே இல்லை. இருபது நாள் முன்னால் விட்டவன் அதில் மாட்டலாம். கால் மணி முன்னால் முதல்முதலாக இழுத்தவன், மிச்சம் இன்னும் சிறுநீருக்கு வராததால், தப்பிவிடலாம். 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் கனடாவின் ராஸ் ரெபாக்லியாட்டி பனிச்சறுக்கில் தங்கம் வாங்கினார். சிறுநீரில் 17.8 நானோகிராம். பதக்கத்தைப் பிடுங்கினார்கள். தடைப் பட்டியலிலேயே கஞ்சா இல்லை என்று தெரிந்ததும் திருப்பிக் கொடுத்தார்கள். விளையாட்டில் அப்போது கோடு 15. 2013-ல் அதை 150 ஆக்கிவிட்டார்கள்.

விமானிகளுக்கு நம் டி.ஜி.சி.ஏ. 2022 ஜனவரி 31-லிருந்து இந்தச் சோதனை வைத்திருக்கிறது. நம்ம பீளமேட்டில் இறங்குகிற விமானத்தை ஓட்டுபவருக்கும் சேர்த்துத்தான். அங்கேகூட முதல் தடவை மாட்டினால் மறுவாழ்வு மையத்துக்கு அனுப்புகிறார்கள். ஆபீஸ் நாற்காலிக்குப் போகும் பையனை ஒரே கீற்றுப் பட்டையைப் பார்த்து வீட்டுக்கு அனுப்பினால் எப்படி? ஆரம்பச் சோதனை தப்பாகவும் காட்டும். ஜி.சி.எம்.எஸ். என்ற இரண்டாவது சோதனையில் உறுதி செய்யச் சொல்லிக் கேட்பதில் வெட்கமில்லை.

டெஸ்ட் தேதியையே எண்ணிக்கொண்டிருந்தால் இன்னொன்று கண்ணில் படாது. நிறுத்திய முதல் வாரம் தூக்கம் வராது, சோறு இறங்காது, அம்மாவிடம் எரிந்து விழத் தோன்றும், கனவுகள் கலர் கலராக வரும். பெரும்பாலோருக்கு இரண்டு வாரத்தில் தணியும். இது தெரியாமல்தான் அஞ்சாம் நாள் மறுபடி பற்ற வைக்கிறார்கள். மூளையில் டி.ஹெச்.சி. ஒட்டும் ஏற்பிகள் தினசரி ஆட்களுக்குக் குறைந்து போயிருந்ததையும், சுமார் நாலு வாரம் விட்டிருந்தால் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்ததையும் 2012-ல் படமெடுத்தே பார்த்தார்கள்.

கஞ்சா உபயோகித்தாலே ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது 1985-ஆம் வருஷத்துச் சட்டம். அதே சட்டத்தில் 64-ஏ என்று ஒரு பிரிவு உண்டு. அடிமையானவர் தானாக வந்து, அரசு ஆஸ்பத்திரியிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சையை முழுசாக முடித்தால், உபயோகித்ததற்கும் சிறிதளவு வைத்திருந்ததற்கும் வழக்கில்லை. மனசு தடுமாறினால் பேச 14416. காசு கிடையாது. தமிழிலேயே பேசலாம்.