மனுவும் மனச்சாட்சியும்

மனிதன் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொள்ளும் சரித்திரங்கள் இரண்டு வகைப்படும். பெரிய மனிதர்கள் வயது முதிர்ந்த காலத்தில் எழுதும் சுயசரிதை ஒன்று. வாலிபர்கள் வேலைக்காக எழுதும் மனு மற்றொன்று. முன்னதை எழுதுகிறவர்கள் வெகு சிலர். பின்னதை எழுதாத குடும்பம் நம் நாட்டில் அருமை. சுயசரிதையில் ஒரு பொய் கலந்திருந்தால் விமரிசகர்கள் கோபித்துக்கொள்வார்கள், அத்துடன் போயிற்று. மனுவில் கலந்த பொய்யோ எழுதியவருடைய சோற்றிலேயே கலந்துவிடுகிறது. முப்பது வருஷம் உண்டாலும் அது ஜீரணமாவதில்லை.

மனு என்ற பெயர் இப்போது வழக்கொழிந்து வருகிறது. 'பயோடேட்டா' என்றும் 'ரெஸ்யூமே' என்றும் சொல்லுகிறார்கள். தபாலில் போய்க்கொண்டிருந்தது கணிப்பொறி வழியாகப் போகிறது. ஆனால் அதை எழுத உட்காரும் வாலிபனுடைய நெஞ்சில் எழும் கேள்வி மட்டும் மாறவில்லை. "எல்லோரும் கொஞ்சம் கூட்டித்தானே எழுதுகிறார்கள்? நான் மட்டும் உள்ளதை உள்ளபடி எழுதினால் பிழைப்பது எப்படி?" என்று அவன் கேட்கிறான்.

இந்தக் கேள்வியை ஏளனம் செய்து தள்ளுவது சுலபம். வயிறு நிறைந்தவர்கள் அப்படித்தான் செய்வார்கள். 2015-ம் வருஷத்தில் உத்தரப் பிரதேசச் சர்க்காரின் தலைமைச் செயலகத்தில் 368 சேவகர் வேலைகள் காலியாக இருந்தன. அவற்றுக்கு வந்த மனுக்கள் ஏறக்குறைய 23 லட்சம்! சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் பெற்றவர்கள் மட்டும் 200-க்கு மேற்பட்டோர் அவர்களில் இருந்தார்கள். இப்படிப்பட்ட கூட்டத்தின் நடுவே முண்டியடித்து நிற்கும் ஒருவனுக்கு நாம் தர்மோபதேசம் செய்யப் புகுந்தால், அதை மிகுந்த அடக்கத்துடன் செய்யவேண்டும்.

எழுபத்தைந்து ரூபாய் உத்தியோகம்

1891-ம் வருஷத்தில் லண்டனில் பாரிஸ்டராகித் தாய்நாடு திரும்பிய ஓர் இளைஞர், பம்பாயில் தொழில் நடத்திப் பார்த்தார். கட்சிக்காரர்கள் வரவில்லை. கோர்ட்டில் எழுந்து நின்றால் நாக்கு எழவில்லை. வீட்டுச் செலவோ காத்திருக்கவில்லை. அந்தச் சமயத்தில் பத்திரிகையில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பெயர் பெற்ற ஒரு ஹைஸ்கூலில் தினம் ஒரு மணி நேரம் இங்கிலீஷ் கற்பிக்க உபாத்தியாயர் தேவை; சம்பளம் மாதம் எழுபத்தைந்து ரூபாய். இளைஞர் மனுப் போட்டார். நேரில் வரச் சொன்னார்கள். உற்சாகத்துடன் போனார். அவர் பட்டதாரி அல்லர் என்று தெரிந்ததும் தலைமை ஆசிரியர் வருத்தத்துடன் கையை விரித்துவிட்டார். லத்தீன் பாஷையை இரண்டாம் பாடமாக எடுத்துக்கொண்டு லண்டன் மெட்ரிகுலேஷன் தேறியிருப்பதை இளைஞர் எடுத்துச் சொன்னார். பயனில்லை. பள்ளிக்கூடத்துக்கு வேண்டியது பட்டதாரி.

அந்த இளைஞர்தாம் மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி. தமது சத்திய சோதனையில் இதை அவரே எழுதியிருக்கிறார்.

இப்போது ஒரு கற்பனை செய்து பார்ப்போம். அவர் தம் மனுவில் 'பி. ஏ.' என்று இரண்டு எழுத்தைச் சேர்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எழுபத்தைந்து ரூபாய் உபாத்தியாயரின் பட்டத்தைச் சரிபார்க்க யாரும் கப்பலேறிப் போயிருக்கப் போவதில்லை. பிள்ளைகளுக்கு இங்கிலீஷும் நன்றாகவே வந்திருக்கும். அப்படியானால் யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் இருவருக்கு உண்டு. அந்த விளம்பரத்தைப் பார்த்து, உண்மையாகவே பட்டம் பெற்று, கிழிந்த சட்டையைத் தைத்துப் போட்டுக்கொண்டு வந்து வரிசையில் நின்ற வேறொருவர் இருந்திருப்பார். அவருடைய பெயரை நாம் அறியமாட்டோம். பொய்யால் நஷ்டப்படுகிறவர்களுடைய பெயர்கள் பெரும்பாலும் வெளியே வருவதில்லை. இரண்டாமவர், அந்தத் தலைமை ஆசிரியர். அவர் வைத்திருந்த விதி புத்திசாலித்தனமான விதியாக இல்லாமலிருக்கலாம். ஆனாலும் தமது பள்ளிக்கூடத்துக்குத் தக்கவர் யார் என்று முடிவு செய்யும் பொறுப்பு அவருடையது. பொய் சொல்லுகிறவன் அந்தப் பொறுப்பை அவரிடமிருந்து களவாடிவிடுகிறான். அவர் முடிவு செய்ததாக நினைத்துக்கொண்டிருப்பார். உண்மையில் முடிவு செய்தவன் இவன்.

ராமானுஜனின் மனு

"அப்படியானால் நம்முடைய குறைகளையெல்லாம் மனுவில் தம்பட்டம் அடிக்க வேண்டுமா?" என்று கேட்கலாம். வேண்டியதில்லை. பொய் வேறு, அடக்கம் வேறு. இந்த வித்தியாசத்தைக் காட்ட நம் ஊரிலேயே ஒரு நேர்த்தியான மனு இருக்கிறது.

1912-ம் வருஷம் பிப்ரவரி 9-ந் தேதி, சென்னைத் துறைமுகக் கழகத்தில் ஒரு குமாஸ்தா வேலைக்கு ஸ்ரீனிவாச ராமானுஜன் மனு எழுதினார். எப். ஏ. பரீட்சையில் அவர் ஒருமுறைக்கு மேல் தவறியவர். கணிதத்தைத் தவிர மற்றப் பாடங்கள் அவருடைய மனத்தில் தங்கவில்லை. மனுவில் அவர் என்ன எழுதினார்? மெட்ரிகுலேஷன் தேறியதாக எழுதினார், அது உண்மை. எப். ஏ. வரையில் படித்ததாக எழுதினார், அதுவும் உண்மை. எதிர்பாராத சில இடையூறுகளால் மேற்கொண்டு படிக்க முடியாமற் போயிற்று என்றும், தம் காலம் முழுவதையும் கணிதத்திலேயே செலவிட்டு வருவதாகவும், வேலை கொடுத்தால் அதைச் செவ்வனே செய்ய முடியுமென்றும் சொன்னார். பிரஸிடென்ஸி காலேஜ் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதிக் கொடுத்த சிபார்சும் அவருக்குத் துணை நின்றது.

'தவறினேன்' என்ற சொல்லை அவர் எழுதவில்லை. ஆனால் 'தேறினேன்' என்றும் எழுதவில்லை. 'வரையில் படித்தேன்' என்பதைப் படிக்கும் எந்த அதிகாரிக்கும், இவர் தேறவில்லை என்பது அந்தக் கணமே விளங்கும். யாரும் ஏமாறவில்லை. மார்ச் 1-ந் தேதி மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் வேலையில் அமர்ந்தார்.

மறுவருஷம் ஜனவரி 16-ந் தேதி கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய பிரசித்தமான கடிதத்தில், தமக்குச் சர்வகலாசாலைப் படிப்பு இல்லையென்பதை ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டார். தாம் ஒரு குமாஸ்தா, வருஷச் சம்பளம் இருபது பவுன் என்பதையும் ஒளிக்கவில்லை. அதே கடிதத்தில் தம் வயது 'ஏறக்குறைய 23' என்று இருக்கிறது. அப்போது அவருக்கு 25 நிறைந்துவிட்டது! இதைக்கொண்டு அவர் பொய்யர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஹார்டி அவரை அழைத்தது வயதுக்காக அல்ல. கடிதத்துடன் இருந்த சூத்திரங்களுக்காக. ஒரு தவறான விவரம் எதை நம்பி முடிவு செய்கிறார்களோ அதைத் தொடுகிறதா, தொடவில்லையா என்பதே முக்கியமான பரீட்சை.

நமது உச்ச நீதிமன்றமும் இந்த நியாயத்தை ஒருவாறு ஒத்துக்கொண்டிருக்கிறது. 2016-ம் வருஷம் ஜூலையில் மூன்று நீதிபதிகள் வழங்கிய தீர்ப்பு ஒன்றில், உத்தியோகத்துக்கு வருகிறவர் கொடுக்கும் தகவல் உண்மையாக இருக்கவேண்டும், எதையும் ஒளிக்கக்கூடாது என்று விதித்தார்கள். அதே தீர்ப்பில், இளமையில் கோஷம் போட்டதற்காக ஏற்பட்ட வழக்குப் போன்ற அற்ப விஷயத்தை ஒருவர் மறைத்திருந்தால், அதை மன்னிக்க எஜமானருக்கு அதிகாரம் உண்டென்றும் சொன்னார்கள். இளமையில் கோஷம் போட்டவர்களே இந்தத் தேசத்துக்கு விடுதலை வாங்கித் தந்தவர்கள் என்பதை நினைத்தால், இந்தக் கருணை பொருத்தமாகவே தோன்றுகிறது.

பட்டத்தை ஒளித்தவர்

இல்லாத பட்டத்தைச் சேர்ப்பது பழைய வித்தை. இருக்கிற பட்டத்தை ஒளிப்பது நம் காலத்து விசித்திரம். 2016-ம் வருஷத்தில் ஒரு தேசிய வங்கி சேவகர் வேலைக்கு விளம்பரம் செய்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். பட்டதாரியாக இருக்கக்கூடாது என்பது நிபந்தனை. ஒரிஸ்ஸாவைச் சேர்ந்த ஒரு வாலிபர் 2014-ம் வருஷத்திலேயே பட்டம் பெற்றவர். அதைச் சொல்லாமல் மனுப் போட்டு வேலைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிற்பாடு சங்கதி வெளிப்பட்டது. வங்கி அவரை நிராகரித்தது. ஒரிஸ்ஸா ஹைகோர்ட் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2020-ம் வருஷம் நவம்பர் 3-ந் தேதி உச்ச நீதிமன்றம் அதை மாற்றி வங்கியின் பக்கம் தீர்ப்பளித்தது.

படித்ததற்காக ஒருவனைத் தண்டிப்பதா என்று இதயம் துடிக்கிறது. நானும் ஓர் உபாத்தியாயன்; பிள்ளைகளைப் 'படி, படி' என்று அன்றாடம் வற்புறுத்துகிறவன். படித்த படிப்பை ஒரு குற்றம்போல மறைக்கும் நிலை வந்ததே என்று எனக்கும் துக்கம் உண்டாகிறது. ஆயினும் நீதிபதிகள் சொன்ன ஒரு வார்த்தையை மறுக்க முடியவில்லை. நிபந்தனை அநியாயமென்று தோன்றினால், அந்த நிபந்தனையையே எதிர்த்து வழக்காடியிருக்க வேண்டும். அதை ஒப்புக்கொண்டதுபோல் கையெழுத்திட்டுவிட்டு ஒளித்திருக்கக் கூடாது என்பதே அது. பட்டம் பெற வசதியில்லாமல் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவர்களுக்கென்று விடப்பட்ட இடம் அது. மெலிந்தவனுக்கென்று வைத்த கஞ்சியைச் சற்றே மெலிந்தவன் எடுத்துக்கொண்டாலும் அது எடுத்துக்கொண்டதுதான்.

அநியாயமான விதியை வெளிப்படையாக மீறி, விளைவை ஏற்றுக்கொள்வது சத்தியாக்கிரகம். 1930-ம் வருஷத்தில் உப்புக் காய்ச்சியவர்கள் இரவில் ஒளிந்து காய்ச்சவில்லை. ஒளிந்து மீறுவதற்கு அந்தப் பெயரை நாம் கொடுக்க முடியாது.

இருபத்தெட்டு வருஷம்

"வேலையில் சேர்ந்தபின் நன்றாக உழைத்தால் பொய் கழுவப்பட்டுவிடாதா?" இதுவும் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. அமெரிக்காவில் புகழ்பெற்ற மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மாணவர்களைச் சேர்க்கும் இலாகாவுக்கு ஒரு மாது தலைவியாக இருந்தார். 1979-ம் வருஷத்தில் சிறிய உத்தியோகத்தில் சேர்ந்து, திறமையால் உயர்ந்தவர். பரீட்சைப் பயத்தால் பிள்ளைகள் நசுங்கக் கூடாதென்று தேசமெங்கும் பேசி நல்ல பெயர் வாங்கியவர். பெறாத பட்டங்களைப் பெற்றதாக முதல் மனுவில் அவர் எழுதியிருந்தது 2007-ம் வருஷத்தில் வெளிவந்தது. இருபத்தெட்டு வருஷ உழைப்புக்குப் பின் ராஜிநாமா செய்தார்.

இதில் மிகவும் பரிதாபமான அம்சம் என்னவென்றால், அவர் முதலில் சேர்ந்த வேலைக்குப் பட்டமே அவசியமாக இருந்திராது என்று அந்தக் கழகத்தின் அதிகாரியே பிற்பாடு சொன்னார். வேண்டாத இடத்தில் பயத்தினால் சொன்ன பொய்! பிள்ளைகளுடைய மனுக்களில் உண்மை இருக்கிறதா என்று பார்ப்பதே தொழிலாக இருந்தவருக்குத் தம் மனுவை எடுத்துத் திருத்த இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு நாள் வாய்க்கவில்லை. மனுவில் பொய் சொல்வது ஒரு நாள் வேலை. அதைக் காப்பாற்றுவது ஆயுள் முழுவதும் சம்பளமில்லாத உத்தியோகம்.

வள்ளுவர் சலுகை தருகிறாரா?

களங்கமில்லாத நலம் விளையுமானால் பொய்யையும் மெய்யின் வரிசையில் வைக்கலாம் என்று வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் இடம் கொடுத்திருக்கிறார் அல்லவா? "என் குழந்தைக்குப் பால் வாங்குவது களங்கமில்லாத நலம்தானே?" என்று ஒரு தகப்பன் கேட்டால் என்ன சொல்வது?

பால் களங்கமில்லாததுதான். ஆனால் ஒரு நாற்காலியில் ஒருவர்தாம் உட்கார முடியும். நாம் பொய் சொல்லி உட்கார்ந்த நாற்காலிக்கு அடுத்த பெயர்க்காரரின் வீட்டிலும் ஒரு குழந்தை இருக்கிறது. அந்தக் குழந்தையின் பாலைக் குறைக்காத பொய்யாக இருந்தாலன்றி வள்ளுவர் வைத்த நிபந்தனை நிறைவேறாது. போட்டி என்று ஒன்று இருக்கும் இடத்தில் அப்படிப்பட்ட பொய் அகப்படுவது துர்லபம். மேலும், வைத்தியர், மருந்து கலப்பவர், பாலம் கட்டுகிறவர் ஆகியோர் விஷயத்தில் பொய்ப் பட்டத்தின் கடனை அடைப்பவர்கள் நோயாளிகளும் வழிப்போக்கர்களும் அல்லவா?

எஜமானர்களின் பொய்

இவ்வளவும் மனுப் போடுகிறவனுக்குச் சொன்னோம். மனுவை வாங்குகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை சொல்லாமல் விட்டால் அது தர்மமாகாது.

புதிதாகப் படித்து வெளிவந்தவர்களைத்தான் எடுப்போம் என்று சொல்லிவிட்டு, இரண்டு வருஷ அநுபவமும் கேட்கும் விளம்பரம் பொய்யை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறது. ஊரறிந்த முரடனுக்கும் 'நன்னடத்தை உள்ளவன்' என்று பள்ளிக்கூடங்கள் வழக்கம்போல் எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் எவ்வளவு உண்மை இருக்கிறது? 2024-ம் வருஷம் ஜூலையில் வெளியான ஒரு செய்தியை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இஞ்சினீயரிங் கல்லூரிகள் பலவற்றில், ஒரே ஆசிரியர் ஒரே சமயத்தில் பல கல்லூரிகளில் முழுநேர வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தது. அதுவும் ஒரு மனுவே. அங்கீகாரத்துக்காகக் கல்லூரி போட்ட மனு. இப்படிப்பட்ட ஸ்தாபனத்தில் படித்து வெளிவரும் மாணவனிடம், "உன் மனுவில் உண்மையை எழுது" என்று எந்த முகத்தோடு சொல்வது?

என்றாலும், ஊரில் திருடர்கள் இருக்கிறார்கள் என்பது நாமும் திருடுவதற்கு உத்தரவு ஆகாது. நாம் உண்மை எழுதினால்தான் அவர்களைக் கேள்வி கேட்க நமக்கு வாய் இருக்கும்.

ஆகையால், மனு எழுதும் வாலிபர்களுக்கும் யுவதிகளுக்கும் அநுபவத்தில் கண்ட சில யோசனைகள்: செய்ததைத் துணிந்து எழுதுங்கள், தமிழர்களுக்குத் தங்கள் திறமையைச் சொல்லிக்கொள்ளக் கூச்சம் அதிகம், அந்தக் கூச்சம் வேண்டாம். தெரிந்த வேலையை, இன்ன இடத்தில், இத்தனை மாதம் செய்தேன் என்று விவரமாக எழுதுங்கள். படிப்பு நின்றுபோன வருஷத்தைப் பொய்யால் ஒட்டுப்போட வேண்டாம். 'தகப்பனார் நோயாய் இருந்ததால் வீட்டைப் பார்த்துக்கொண்டேன்' என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், அதைப் படிக்கும் நல்ல எஜமானர் உங்களை மதிப்பாரே தவிர இகழமாட்டார். ஏற்கெனவே தவறாக எழுதி அனுப்பியிருந்தால், வேலை உத்தரவு வருவதற்குள் திருத்தி எழுதுங்கள். அன்றைக்கு அது வெட்கத்தோடு முடியும். பிற்காலத்தில் வேலையோடும் வழக்கோடும் முடியும்.

ஏறக்குறைய எல்லா மனுப் படிவங்களிலும் கடைசியில் ஒரு வரி அச்சடித்திருக்கிறது: மேலே கண்ட விவரங்கள் யாவும் உண்மை என்று உறுதி கூறுகிறேன். அதைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவது நம் வழக்கமாகிவிட்டது. இனிமேல் அந்த வரியை முதலில் படித்து, பிறகு மேலே உள்ள கட்டங்களைப் பூர்த்தி செய்வோமாக.