புல்மோட்டைக் கறுப்பு மணலும் காந்தத்துக்கு அகப்படாத தூசும்

குண்டசாலையில் வீடு கட்டுவதற்காகக் கொட்டிவைக்கும் மகாவலி மணலில் கறுப்புப் பொட்டுகள் கலந்திருப்பதைக் காணலாம். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் தாளில் சுற்றி அதற்குள் விட்டால் அவற்றில் ஒரு பகுதி ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவது பெரும்பாலும் மக்னடைட். இல்மனைட் அப்படி இலேசில் ஒட்டாது, அதற்கு இன்னும் வலிய காந்தம் வேண்டும். மலைநாட்டுப் பழம்பாறைகள் உடைந்து, ஆறுகளோடு கீழிறங்கி, கடலலைகளால் சுளகில் புடைத்ததுபோல் பிரிந்து சேர்ந்ததுதான் புல்மோட்டைக் கரையின் கறுப்பு மணல். அதில் ஏறத்தாழ 70 சதவீதம் இல்மனைட். ரூட்டைலும் சிர்கோனும் சிறு பங்கு. தோரியம் கொண்ட, கதிர்வீச்சுள்ள மொனசைட்டும் மிகச் சிறிதளவு உண்டு.

இந்த மணலைப் பற்றி எங்கள் ஆட்கள் பேசும்போது நிலம், இராணுவம், குடியேற்றம் என்றுதான் பேசுகிறோம். அதற்குக் காரணமும் இருக்கிறது. புல்மோட்டைக்கு வடக்கே உள்ள கொக்கிளாய் மக்கள் 1984 இறுதியில் விரட்டப்பட்டவர்கள். 1997 செப்டெம்பரில் புல்மோட்டைக்கு அப்பால் இல்மனைட் ஏற்றிக்கொண்டிருந்த ‘கோர்டியலிட்டி’ கப்பல் தாக்கப்பட்டு அதன் பணியாளர்களும் உயிரிழந்தார்கள். ஆனால் மணலை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பது தெரியாமல், கம்பனிக்காரர் ‘நவீன தொழில்நுட்பம்’ என்று சொல்லும்போது நாங்கள் என்ன கேள்வி கேட்பது?

புல்மோட்டையில் அரசு 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கியது. அங்கு மணிகள் பருமனானவை, ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூட. அந்த அளவுக்குச் சாதாரண வலிய காந்தமே போதும், இல்மனைட் காந்தத்தோடு போய்விடும். மிஞ்சுவதில் மின்சாரத்தைக் கடத்தும் ரூட்டைலையும் கடத்தாத சிர்கோனையும் உயர் மின்னழுத்தத்தால் பிரிப்பார்கள்.

சிக்கல் தூசில்தான் தொடங்குகிறது. ஒரு மணியின் விட்டம் பத்தில் ஒன்றானால் அதன் மீதான காந்த இழுவை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும், ஏனென்றால் இழுவை கன அளவைப் பொறுத்தது. நீரோட்டம் அதைத் தள்ளும் விசையோ பத்தில் ஒன்றாக மட்டுமே குறையும். ஆகவே சிறிய துணிக்கை நூறு மடங்கு இலகுவாகக் காந்தத்திடமிருந்து தப்பி, கழிவு நீரோடு போய்விடும்.

பெரிய காந்தம் போட்டால் சரிவராதா? வராது. காந்தப்புலம் எங்கும் ஒரே அளவாக இருந்தால் மணியின் இரு முனைகளும் எதிரெதிராகச் சமமாக இழுபடும், மணி நகராது. புலம் ஓர் இடத்தில் வலுத்து அதன் அருகிலேயே சட்டென்று குறைய வேண்டும். அந்தச் செங்குத்தான மாற்றத்தைத்தான் படித்திறன் என்கிறோம். அதை உண்டாக்கும் வழி வியப்பூட்டும் அளவுக்கு எளியது: பாத்திரம் தேய்க்கும் கம்பிப் பஞ்சு போன்ற மெல்லிய உருக்கு இழைகளை ஒரு குழாயில் அடைத்து, அதைச் சுற்றி மின்காந்தம் வைப்பது. ஒவ்வோர் இழையும் ஒரு குட்டிக் காந்தமாகும். சேற்றுநீர் அதனூடே போகும்போது தூசு இழைகளில் ஒட்டும். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, நல்ல தண்ணீரால் அலசி எடுப்பார்கள். இதுதான் உயர் படித்திறன் காந்தப் பிரிப்பு. இழை துணிக்கையைவிடச் சில மடங்கு மட்டுமே தடித்திருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கும்.

அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் வெண்களிமண்ணை நிறம்கெடுத்த இரும்புத் தூசை அகற்ற 1970களில் இதைப் பெருமளவில் பயன்படுத்தினார்கள். சீனாவின் பன்சிஹுவாவில் பாறையை அரைத்து எடுக்கும் நுண்ணிய இல்மனைட்டை, சுழலும் வளையத்தில் நீரை அதிரவிடும் பொறிகளால் பிடிக்கிறார்கள். முன்பு கழிவாகப் போனதில் ஒரு பகுதி அங்கே இப்போது சரக்கு.

அதாவது எது கழிவு என்பதைத் தீர்மானிப்பது எந்தப் பொறி இருக்கிறது என்பதே. கனிய மணலை வெறுமனே தோண்டி ஏற்றுமதி செய்து, அதிலிருந்து செய்யும் வெள்ளைப் பெயின்ற் நிறமியை வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடு இது. நுண்துணிக்கைகளையும் பிடித்துப் பெறுமதி கூட்டினால் அதே வருமானத்துக்குக் குறைந்த மணல் போதும் என்பது என் கணக்கு. ஆனால் கம்பனிக்காரர் இன்னொரு கணக்கும் போடலாம்: முன்பு இலாபமில்லாதது என்று விட்ட கரையும் இப்போது இலாபம் தரும் என்று.

மன்னார்த் தீவில் அவுஸ்திரேலியக் கம்பனி ஒன்று இல்மனைட் ஆய்வு செய்ததை மக்கள் எதிர்த்துவருகிறார்கள். அங்குள்ள கிணறுகள் மணலுக்குள் தேங்கும் மழைநீரை நம்பியவை. உயர் படித்திறன் பிரிப்பு பெரும்பாலும் ஈர முறையில் நடப்பது, தண்ணீர் தாராளமாக வேண்டும். எனவே கூட்டங்களில் கேட்க வேண்டியவை சில: அலசும் நன்னீர் எங்கிருந்து வரும், மிஞ்சும் சேறு எந்தக் குட்டையில் விடப்படும், அதன் அடி நிலத்தடி நீரிலிருந்து எத்தனை அடி உயரம், மொனசைட் எங்கே சேர்த்துவைக்கப்படும். வேலையும் இலாபமும் ஊருக்கு எவ்வளவு என்பது அதற்குப் பிறகு. பதில்கள் வரைபடத்தோடு, தமிழில், தோண்டுவதற்கு முன்பு பிரதேச செயலகத்தில் ஒட்டப்பட வேண்டும்.