சர்வீஸ் முடிந்து வந்த டீசல் காரில் எரியும் மஞ்சள் விளக்கு: போனது டர்போவா, கழன்றது கிளிப்பா?

முந்தாநாள்தான் மெக்கானிக் ஷெட்டிலிருந்து கார் வந்தது. இஜிஆர் வால்வைக் கழற்றி சுத்தம் செய்து, டீசல் ஃபில்டரும் ஆயிலும் மாற்றி, பில்லும் கட்டியாச்சு. ஞாயிற்றுக்கிழமை காலை செங்கல்பட்டு தாண்டி ஒரு லாரியை ஓவர்டேக் செய்ய ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், வண்டியில் பிக்கப்பே இல்லை. மீட்டரில் என்ஜின் வடிவத்தில் மஞ்சள் விளக்கு.

"அண்ணே, நேத்து முன்தினம்தானே எடுத்தேன், அதுக்குள்ள லைட் எரியுதே?"

"இங்கேருந்து போறப்ப நல்லாத்தானே தம்பி போச்சு!"

டீசல் கார் வைத்திருக்கும் பலருக்கும் இந்த உரையாடல் பழக்கமானதுதான். மறுநாள் ஸ்கேனர் போட்டு, "டர்போ போயிருக்கு, மாத்தணும்" என்று சொல்லும்போதுதான் வயிற்றைக் கலக்கும். பல மாடல்களில் புது டர்போ என்றால் ஐந்து இலக்கச் செலவு. உண்மையில் கழன்றிருப்பது ஒரு ரப்பர் ஹோஸின் கிளிப்பாகவும் இருக்கலாம். இரண்டில் எது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் நிறத்தைப் பாருங்கள்

சிவப்பு விளக்கு என்றால் பேச்சே இல்லை. ஆயில் பிரஷர், என்ஜின் சூடு ஆகிய இரண்டும் சிவப்பில் எரிந்தால் ஓரங்கட்டி என்ஜினை அணைத்துவிட வேண்டும். ஆயில் மாற்றிய கையோடு ஆயில் விளக்கு எரிந்தால் டிரெயின் போல்ட், ஆயில் ஃபில்டர் பக்கம் கசிவு இருக்கிறதா என்று பார்க்காமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது.

மஞ்சள் அப்படியல்ல. பிரச்சினை இருக்கிறது, ஆனால் மெதுவாக ஓட்டி ஷெட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். கூடவே பிக்கப் குறைந்திருந்தால், கார் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள 'லிம்ப் மோடு'க்குப் போயிருக்கும். அதாவது, என்ஜின் கணினியே வேண்டுமென்று சக்தியைக் குறைத்துவிடும். அப்போது மிதித்து ஓட்டுவதில் பயனில்லை.

'போறப்ப நல்லாத்தானே போச்சு' சரியான வாதமா?

இந்தியாவில் 2013 முதல் விற்பனையான பிஎஸ்-4 கார்களில் ஓபிடி-2 எனப்படும் சுயபரிசோதனை அமைப்பு கட்டாயம். இந்த அமைப்பு ஒரு கோளாறைப் பார்த்த உடனேயே எல்லா நேரமும் விளக்கைப் போடாது. பல கோளாறுகளை முதல்முறை பார்க்கும்போது மனதில் குறித்துக்கொள்ளும். அடுத்த பயணத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் விளக்கு எரியும். சில கோளாறுகளுக்கு முதல் தடவையே எரியும்.

இதன் விளைவு என்ன தெரியுமா? வேலை செய்த அன்றே தப்பு நடந்திருந்தாலும் விளக்கு இரண்டு, மூன்று நாள் கழித்து வரலாம். "இங்கே எரியலையே" என்பது ஷெட்டின் மீது தப்பில்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது. அதேபோல, சர்வீஸுக்குப் பிறகு எரிந்தது என்பதாலேயே பழி முழுக்க மெக்கானிக் மீதுதான் என்றும் சொல்லிவிட முடியாது. பழைய கோளாறு தற்செயலாக அந்த வாரம் முற்றியிருக்கலாம். அதனால்தான் கோடு முக்கியம்.

கோடு நோயைச் சொல்லாது, அறிகுறியைத்தான் சொல்லும்

ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் செருகும் ப்ளூடூத் ரீடர்கள் ஆன்லைனில் சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கின்றன. செல்போன் ஆப்பில் கோடு வந்துவிடும்.

நம் செங்கல்பட்டுக் காரில் 'பி0299' வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'பி' என்றால் என்ஜின், கியர் சார்ந்தது. அடுத்து வரும் பூஜ்யம், இது எல்லா கம்பெனிக்கும் பொதுவான கோடு என்பதைக் காட்டும். மொத்தத்தில் இதன் பொருள், 'கேட்ட அளவு டர்போ அழுத்தம் கிடைக்கவில்லை' என்பது மட்டுமே. டர்போ செத்துவிட்டது என்று இது எங்கும் சொல்லவில்லை. காய்ச்சல் 102 டிகிரி என்பது எந்த நோய் என்று சொல்லாதில்லையா, அதுபோலத்தான்.

கோடோடு சேர்த்து 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்ற ஒன்றும் பதிவாகியிருக்கும். கோளாறு நடந்த நொடியில் வேகம் என்ன, ஆர்பிஎம் என்ன, என்ஜின் சூடு என்ன என்ற விவரம் அது. கோடை எரேஸ் செய்தால் இதுவும் போய்விடும். "முதல்ல எரேஸ் பண்ணிப் பார்ப்போம்" என்று யார் சொன்னாலும், அதற்கு முன் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டும் பழைய வைத்தியமும் பல கார்களில் இதே தடயத்தைத்தான் அழிக்கும்.

தேடலை எங்கே தொடங்குவது?

கடைசியாகக் கை வைத்த இடத்தில். இஜிஆர் வால்வை எடுக்க, காற்று போகும் ஹோஸ்களைக் கழற்ற வேண்டியிருக்கும். சில சென்சார் கனெக்டர்களையும் பிடுங்க வேண்டியிருக்கும். திரும்ப மாட்டும்போது ஒரு கிளிப் சரியாக உட்காராமல் போவது சகஜம்.

டர்போ அழுத்திய காற்று, இன்டர்கூலர் வழியாகக் குளிர்ந்து என்ஜினுக்குப் போகிறது. அந்த வழியில் எங்காவது ஹோஸ் தளர்ந்திருந்தால் அழுத்தம் வெளியே போய்விடும். ஆனால் வண்டி சும்மா ஐடிலிங்கில் நிற்கும்போது டர்போ அழுத்தம் ஏறக்குறைய இருக்கவே இருக்காது. வெளிக்காற்றின் அழுத்தமான சுமார் 100 கிலோபாஸ்கல்தான் சென்சாரிலும் காட்டும். மேட்டில் ஏறும்போதோ, ஓவர்டேக் செய்யும்போதோதான் அது இரண்டு மடங்குக்கும் மேல் போகும். ஆகவே, ஷெட்டுக்குள் நியூட்ரலில் வைத்து 'விரூம் விரூம்' என்று ரெய்ஸ் செய்துவிட்டு "எல்லாம் ஓகே" என்று சொன்னால் அதை நம்ப வேண்டாம். லோடு இல்லாமல் இந்தக் கோளாறு தெரியாது.

சரியான வழி, ஸ்கேனரை மாட்டியபடியே ஒருவர் ஓட்ட, இன்னொருவர் லைவ் டேட்டாவைப் பார்ப்பது. கேட்ட அழுத்தம், கிடைத்த அழுத்தம் என்று இரண்டு எண்கள் வரும். (மலிவான ஆப்களில் முதல் எண் கிடைக்காமல் போகலாம், ஷெட் ஸ்கேனரில் கிடைக்கும்.) இரண்டுக்கும் இடைவெளி பெரிதாகிக்கொண்டே போனால் கசிவைத் தேடலாம். மிதிக்கும்போது 'புஸ்ஸ்' என்ற சத்தம், பின்னால் கரும்புகை, ஹோஸ் ஜாயின்ட்டில் புதிதாக எண்ணெய்ப் பிசுக்கு ஆகியவை வலுவான தடயங்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் புகை செலுத்திப் பார்க்கும் 'ஸ்மோக் டெஸ்ட்' இருக்கிறது. இவ்வளவும் பார்த்து, டர்போவைக் கட்டுப்படுத்தும் வேக்குவம் ட்யூப், ஆக்சுவேட்டர், இஜிஆர் கேஸ்கட் எல்லாம் சரி என்று தெரிந்த பிறகுதான் டர்போவைக் கழற்றும் பேச்சே வர வேண்டும்.

வேறு கோடு வந்தால்?

பி0101 போன்றவை காற்றின் அளவைப் பார்க்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரைக் காட்டும். ஏர் ஃபில்டர் பெட்டி சரியாக மூடியிருக்கிறதா, கனெக்டர் 'க்ளிக்' என்று உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதி கேஸ் முடிந்துவிடும். பி0087 என்றால் டீசல் ரெயிலில் அழுத்தம் போதவில்லை. ஃபில்டர் மாற்றியபின் இது வந்தால், லைனில் காற்று புகுந்திருக்கிறதா, ஃபில்டர் சீல் இழுத்துக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இன்ஜெக்டர் மாற்றியிருந்தால், பல கார்களில் அதன்மேல் அச்சிட்ட எண்ணை என்ஜின் கணினியில் ஏற்ற வேண்டும். அதை மறந்தால் வண்டி அதிரும், புகைக்கும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் கார் என்றால் டிபிஎஃப் என்ற புகைக்கரி வடிகட்டியும் கணக்கில் வரும். அதில் சேரும் கரி, சுமார் 600 டிகிரி செல்சியஸ் சூட்டில்தான் எரிந்து தீரும். தினமும் வேளச்சேரி டு தரமணி மட்டும் ஓடும் காருக்கு அந்தச் சூடு எளிதில் கிடைக்காது. டிபிஎஃப் விளக்கு மட்டும் எரிந்தால், ஓனர் கையேட்டில் சொன்னபடி ஹைவேயில் சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். என்ஜின் விளக்கும் சேர்ந்து எரிந்தால் அது போதாது, ஸ்கேன் தேவை. சர்வீஸில் ஊற்றியது டிபிஎஃப்புக்கு ஏற்ற 'லோ ஆஷ்' ஆயில்தானா என்று பில்லில் பார்த்துக்கொள்வதும் அவசியம். கரி எரியும், சாம்பல் எரியாது.

ஷெட்டில் என்ன கேட்பது?

சண்டையில் தொடங்க வேண்டாம். "எதை எதைக் கழற்றினீங்க அண்ணே?" என்ற ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும். ஜாப் கார்டு, பில், கோடின் ஸ்க்ரீன்ஷாட் மூன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் எழுத்துப்பூர்வமாகவும் இருக்கும். பாகம் மாற்றியே ஆக வேண்டும் என்றால், எந்தச் சோதனையின் அடிப்படையில் என்று கேட்கலாம், பழைய பாகத்தையும் திருப்பிக் கேட்கலாம். அப்படியும் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

ரிப்பேர் முடிந்ததும் கோடை எரேஸ் செய்து, விளக்கு எரிந்த அதே மாதிரி சாலையில், அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள், ஸ்கேனர் மாட்டியபடியே. எரேஸ் செய்யாவிட்டாலும், கோளாறு உண்மையிலேயே சரியாகியிருந்தால் அடுத்தடுத்த மூன்று பயணங்களில் விளக்கு தானாகவே அணைந்துவிடும்.