ஓடியவருக்கும் ஓடவைத்தவருக்கும்

ஆக்லாந்துப் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் ‘ப்ளூஸ்’ என்ற பெயரில் விருது விழா ஒன்றை நடத்துகிறது. 1883இல் கல்லூரியாகத் தொடங்கி இன்று நியூசிலாந்திலேயே மிகப் பெரிய பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கும் நிறுவனம் அது. படித்துக்கொண்டே விளையாட்டில் உச்சம் தொட்ட மாணவர்களை அந்த மேடைக்கு அழைத்துச் சிறப்பிக்கிறார்கள். கலைக்கும் தலைமைப் பண்புக்கும் அதே பெயரில் விருதுகள் உண்டு. அதே நகரில் இருக்கும் ஆக்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் தன் மாணவர்களுக்கு இதே பெயரில் விருது தருகிறது. ஒலிம்பிக்கில் பதக்கம் வாங்கியவருக்கு, நாட்டின் அணிக்கு ஆடியவருக்கு, பல்கலைக்கழகம் தருகிற ஒரு சான்றிதழால் என்ன கூடிவிடப் போகிறது என்ற கேள்வி இயல்பாகவே எழும். யார் வென்றார் என்பதைக் கடிகாரமும் அளவுநாடாவும் முன்பே சொல்லிவிட்டன. அதையே மறுபடி சொல்ல ஒரு விழா வேண்டியதில்லை. ஆனால் கடிகாரத்துக்குத் தெரியாத இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. பரீட்சையும் போட்டியும் ஒரே வாரத்தில் வந்து நின்றபோது அந்த மாணவர் இரண்டையும் எப்படிச் சமாளித்தார் என்பது ஒன்று. அவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்த பயிற்சியாளர் யார் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் அருகிலிருந்து அறிந்து ஊரறியச் சொல்லக்கூடிய இடம் பல்கலைக்கழகம்தான். அதைச் சொல்வதற்காகவே இந்த விழா நடக்க வேண்டும் என்பது என் வாதம்.

விருதின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1829இல் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் தேம்ஸ் நதியில் முதல் படகுப் போட்டியை நடத்தின. 1836இல் நடந்த இரண்டாம் போட்டியில் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் தங்கள் படகில் வெளிர்நீல நாடா கட்டினார்கள், ஆக்ஸ்ஃபோர்டுக்கு அடர்நீலம். பல்கலைக்கழகத்துக்காகக் களமிறங்கியவரை நீலத்தின் பெயரால் அழைக்கும் வழக்கம் அப்படி வந்தது. நியூசிலாந்துக்கு அது வந்தபோது உடன் வந்த இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 1902 ஈஸ்டர் விடுமுறையில் ஆக்லாந்து, வெலிங்டன், கிறைஸ்ட்சர்ச், டனீடன் ஆகிய நான்கு நகரங்களின் கல்லூரி மாணவர்கள் கிறைஸ்ட்சர்ச்சில் கூடி முதல் பல்கலைக்கழகப் போட்டிகளை நடத்தினார்கள். ஆக்லாந்திலிருந்து வெலிங்டனுக்கு நேர் ரயில் பாதை 1908இல்தான் முடிந்தது. ஆகவே அந்த மாணவர்களுக்குக் கடல்வழிதான். அவ்வளவு தூரம் போய் அவர்கள் மோதியது தடகளத்தில், டென்னிஸில், கூடவே விவாதப் போட்டியில். ஓட்டமும் பேச்சும் ஒரே நிகழ்ச்சி நிரலில் இருந்தன. உடம்பையும் அறிவையும் தனித்தனிக் கணக்கில் எழுதும் பழக்கம் அப்போது இல்லை.

இன்று அந்தக் கணக்குகள் பிரிந்துவிட்டன. விளையாட்டு முழுநேரத் தொழிலாகிவிட்டது. அதில் நிற்க விரும்பும் பத்தொன்பது வயதுப் பெண்ணோ பையனோ வேறெதையும் நினைக்கக் கூடாது என்ற அழுத்தம் எல்லாப் பக்கமிருந்தும் வருகிறது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் கோலூன்றித் தாண்டுதலில் வெண்கலம் வென்ற எலைசா மெக்கார்ட்னி அப்போது ஆக்லாந்துப் பல்கலைக்கழக மாணவி, வயது பத்தொன்பது. அவரும் ஆஸ்திரேலியாவின் அலானா பாய்டும் தாண்டிய உயரம் ஒன்றே, 4.80 மீட்டர். முந்தைய உயரங்களில் யார் குறைவாகத் தவறினார் என்று பார்த்து மெக்கார்ட்னிக்குப் பதக்கம் கிடைத்தது, 4.80 வரை அவர் ஒருமுறைகூடத் தவறவில்லை. 2018இல் ஜெர்மனியில் 4.94 மீட்டர் தாண்டினார். உலகின் முதல் வரிசையில் வைக்கும் உயரம் அது. அதற்குப் பிறகு குதிகால் தசைநாண் காயம் அவரைப் பிடித்துக்கொண்டது. டோக்கியோ ஒலிம்பிக்குக்கே போக முடியவில்லை. 2024இல் கிளாஸ்கோவில் நடந்த உலக உள்ளரங்குப் போட்டியில் மறுபடி 4.80 தாண்டி வெள்ளி வாங்கும்வரை இடையில் கழிந்த ஆண்டுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டைவிரல் அளவுகூடத் தடிமனில்லாத ஒரு நாணை நம்பித்தான் ஒருவருடைய விளையாட்டு வாழ்க்கை நிற்கிறது. அது வலிக்கும் நாளில் கையில் வேறொரு வேலையும் மனதில் வேறொரு கேள்வியும் இருப்பவரால் தாங்கிக்கொள்ள முடியும்.

இது வெறும் ஊகம் என்று ஒதுக்கிவிட முடியாது. நியூசிலாந்தின் சைக்கிள் பந்தய அமைப்பையும் உயர்நிலை விளையாட்டு அமைப்பையும் பற்றி மைக் ஹெரனும் சாரா லீபர்மனும் தலைமையேற்று நடத்திய விசாரணையின் அறிக்கை 2022 மே மாதம் வெளியானது. ஒரு வீராங்கனையின் மரணத்துக்குப் பிறகு அமைக்கப்பட்ட விசாரணை அது. வீரர்களை வீட்டைவிட்டு, நண்பர்களைவிட்டு, ஒரே பயிற்சி மையத்துக்கு அருகில் குடியமர்த்தும் முறையையும், பதக்கத்தை வைத்தே பணம் ஒதுக்கும் போக்கையும் அது கடுமையாகக் கேள்வி கேட்டது. பயிற்சி மையத்துக்கு வெளியே ஒரு வாழ்க்கை இருப்பது வீரருக்கு ஆடம்பரம் அல்ல என்பதை அதற்குப் பிறகு யாரும் மறுக்க முடியாது. வகுப்பறை அப்படிப்பட்ட வெளி. அங்கே அவர் கேள்வி கேட்கும் மாணவர். நேற்றைய தோல்வி அங்கே மதிப்பெண்ணைப் பாதிப்பதில்லை. 2022 நவம்பர் 12 அன்று ஈடன் பார்க்கில் 42,579 பேர் முன்னிலையில் இங்கிலாந்தை 34–31 என்று வென்று உலகக் கோப்பையைத் தூக்கிய நியூசிலாந்துப் பெண்கள் ரக்பி அணியின் தலைவர் ருவாஹெய் டெமன்ட், ஆக்லாந்தில் சட்டம் படித்தவர். பெண்கள் ரக்பியில் சம்பளம் என்ற பேச்சே மிக அண்மையில்தான் வந்தது. அதற்கு முன்பு ஆடியவர்களுக்குப் படிப்புதான் சோறு போட வேண்டியிருந்தது.

பயிற்சியாளரைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் அநியாயம் அதிகம் நடப்பது அங்கேதான். ஆக்லாந்து உலகத்துக்குத் தந்த மிகப் பெரிய பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட். காலணித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வருமானம் போதாமல் பால் விநியோகமும் செய்தவர். ஓவைராக்கா பகுதியில் தன் வீட்டைச் சுற்றியிருந்த இளைஞர்களை அழைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் வைட்டாக்கரே மலைச்சாலைகளில் சுமார் 35 கிலோமீட்டர் ஓடுவார். அரைமைல் ஓடுபவரும் அந்த 35 கிலோமீட்டரை ஓடியே ஆக வேண்டும். எண்ணூறு மீட்டர் ஓட்டக்காரனுக்கு எதற்கு மாரத்தான் பயிற்சி என்று அன்றைய நிபுணர்கள் கேட்டார்கள். வாரத்துக்கு நூறு மைல் ஓடி அடித்தளம் போட்டவனுக்குக் கடைசி நூறு மீட்டரில் மற்றவர்கள் தளரும்போது கால் தளராது என்பது அவருடைய பதில். அந்தப் பதிலை முதலில் தன் உடம்பில் சோதித்துவிட்டுத்தான் மற்றவர்களிடம் சொன்னார். 1960 செப்டம்பர் 2ஆம் தேதி ரோமில், ஒரு மணி நேர இடைவெளிக்குள், அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும், ரக்பி ஆடும்போது அடிபட்டு இடக்கை செயலிழந்த மரே ஹால்பெர்க் 5000 மீட்டரிலும் தங்கம் வென்றார்கள். எட்டு நாள் கழித்து பாரி மகீ மாரத்தானில் வெண்கலம் வாங்கினார். மூவரும் ஒரே மனிதரின் பின்னால் ஓடியவர்கள். அந்த மனிதருக்கு நாட்டின் ஒலிம்பிக் குழுவில் அதிகாரப்பூர்வ இடம் தரப்படவில்லை. ஊர்மக்கள் பணம் திரட்டித்தான் அவரை ரோமுக்கு அனுப்பினார்கள். 1990இல் நாட்டின் மிக உயர்ந்த கௌரவமான நியூசிலாந்து ஆணை அவருக்குக் கிடைத்தது என்பது உண்மை. அதற்கு முப்பது ஆண்டுகள் ஆயின என்பதும் உண்மை.

பயிற்சியாளரின் உழைப்பு ஏன் இப்படிக் கண்ணில் படாமல் போகிறது என்பதைக் கோலூன்றித் தாண்டும் ஓடுபாதையருகே நின்று பார்த்தால் புரியும். ஓடிவருபவரின் கடைசிக் கால் எங்கே ஊன்றுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு சாண் முன்னே போனாலும் கோல் சரியாக வளையாது. அது தாண்டுபவருக்குத் தெரியாது, அவர் கண் எதிரே இருக்கும் குழியில் இருக்கிறது. பக்கவாட்டில் நிற்கும் பயிற்சியாளர்தான் அந்த அடியைப் பார்க்கிறார். தாண்டி முடித்து வேலியோரம் வருபவரிடம் ‘தொடக்கக் குறியை அரை அடி பின்னால் வை, இதைவிடக் கெட்டியான கோலை எடு’ என்று அவர் சொல்வது இரண்டே வாக்கியம். அந்த இரண்டு வாக்கியத்துக்குப் பின்னால் பல ஆண்டுகளின் கவனிப்பு இருக்கிறது. தொலைக்காட்சி அதைக் காட்டுவதில்லை. இந்தியாவில்கூட வீரர்களுக்கான அர்ஜுனா விருது 1961இல் வந்துவிட்டது. பயிற்சியாளருக்கான துரோணாச்சாரியார் விருதுக்கு 1985வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பி.டி. உஷாவை உருவாக்கிய ஓ.எம். நம்பியார் அதன் முதல் வரிசையில் இருந்தார்.

இங்கே வலுவான ஒரு மறுப்பு எழும். நியூசிலாந்தில் விளையாட்டு வளர்வது பல்கலைக்கழகத்தில் அல்ல, கிளப்புகளிலும் நாட்டின் விளையாட்டு அமைப்புகளிலும்தான். மாணவரின் பயிற்சியாளருக்குப் பல்கலைக்கழகம் பெரும்பாலும் ஒரு டாலர்கூடத் தருவதில்லை. அப்படியிருக்க, பிறர் விதைத்ததை அறுவடை செய்து விளம்பர ஏட்டில் போட்டுக்கொள்வதுதானே இந்த விழா என்று கேட்டால், அதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே அணி பல்கலைக்கழகத்துடையது. பயிற்சியாளர் பல்கலைக்கழக ஊழியர். பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குபவர்களில் முதலிடமே அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளருக்குத்தான். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி ஒவ்வொரு பல்கலைக்கழகமும் ஆண்டுக்குச் சுமார் இரண்டு கோடி டாலர்வரை வீரர்களோடு நேரடியாகப் பகிர்ந்துகொள்ளலாம். அங்கே விருது விழா முதலாளி தன் ஊழியருக்கு நடத்தும் விழாவாக மாறிக்கொண்டிருக்கிறது. ஆக்லாந்தில் பல்கலைக்கழகத்துக்கு அந்த உரிமை இல்லாததையே நான் பலமாகப் பார்க்கிறேன். உரிமை கொண்டாட முடியாதவர் நன்றி சொல்ல முடியும். ஆகவே கிளப்பின் பெயரையும், அங்கே மாலை நேரத்தில் ஊதியமின்றி வந்து சொல்லிக்கொடுப்பவரின் பெயரையும் மாணவரின் பெயரோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். அவரை மேடையருகே உட்கார வைக்க வேண்டும். அதைச் செய்யாமல் மாணவரை மட்டும் அழைத்துப் படமெடுத்துக்கொண்டால் மேற்சொன்ன குற்றச்சாட்டு அப்படியே நிற்கும்.

இன்னொரு மறுப்பு நம் வீடுகளிலிருந்தே வரும். விளையாட்டு என்று போனால் படிப்பு கெட்டுப்போகும் என்று ஆக்லாந்துக்குக் குடிபெயர்ந்த தமிழ்ப் பெற்றோரும் சொல்வார்கள், ஆண்டிப்பட்டியில் இருப்பவரும் சொல்வார். பதிலுக்கு ஆர்தர் பொரிட்டைக் காட்டுவது எளிது. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டரில் வெண்கலம் வாங்கியவர், அறுவை மருத்துவராகி, நாட்டின் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். 1936 பெர்லினில் 1500 மீட்டரை உலகச் சாதனையோடு வென்ற ஜாக் லவ்லாக்கும் மருத்துவர். ஆனால் அவர்கள் காலம் வேறு. அன்றைய பயிற்சியின் அளவு இன்றைக்குப் போதாது. பீட்டர் ஸ்னெல்லின் கதை இன்றைய பெற்றோருக்கு இன்னும் பயன்படும் என்று தோன்றுகிறது. அவர் ஓடி முடித்த பிறகு, நடுவயதில் அமெரிக்கா போய்ப் படித்து, வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி, டல்லஸில் ஆய்வாளராகப் பணியாற்றினார். நீண்ட ஓட்டம் தசைக்குள் என்ன செய்கிறது என்பது அவருடைய ஆய்வுத் துறை. லிடியார்ட் காலில் கண்டுபிடித்ததை அவருடைய மாணவர் ஆய்வுக்கூடத்தில் தேடினார். விளையாட்டும் படிப்பும் ஒரே ஆண்டில் நடந்தாக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. பாடச்சுமையைக் குறைத்துக்கொண்டு பட்டத்தை நிதானமாக முடிக்கவும், நாட்டுக்காக ஆடும் வாரத்தில் தேர்வை மாற்றி எழுதவும் வழி வேண்டும். நியூசிலாந்து அரசு பிரதமர் பெயரில் வீரர்களின் படிப்புக்கு உதவித்தொகை தருகிறது; பயிற்சியாளர்களுக்கும் அதே பெயரில் தனித் திட்டம் உண்டு. விருது மேடையில் கைதட்டும் துறைத்தலைவர், ஆண்டு நடுவில் தேர்வுத் தேதியை மாற்றக் கேட்டு வரும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவராக இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு இதில் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டில் நாம் மாணவரைச் சேர்க்கிறோம். அரசு வேலையில் வீரர்களுக்கு 3 சதவீத இடம் வைத்திருக்கிறோம். 1956–57 முதல் சிறந்த பல்கலைக்கழகத்துக்கு வழங்கப்பட்டுவரும் மௌலானா ஆசாத் கோப்பைக்காகப் பல்கலைக்கழகங்கள் புள்ளிகளைச் சேர்க்கின்றன. அந்தப் புள்ளிகளைச் சேர்த்துக் கொடுத்த மாணவி மூன்றாம் ஆண்டில் எத்தனை பாடத்தில் தேறினாள் என்று கேட்க அந்தக் கணக்கில் இடமில்லை. நம் விளையாட்டு விழாக்களில் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தவே பெரும்பொழுது போய்விடுகிறது. ஆண்டு முழுவதும் விடியற்காலையில் மைதானத்தைத் திறந்துவிட்ட உடற்கல்வி இயக்குநர், மேடையில் கேடயங்களை வரிசைப்படி எடுத்துக்கொடுக்கும் வேலையில் நிற்கிறார். ஊரில் அந்தப் பெண்ணுக்கு முதன்முதலில் கபடி சொல்லிக்கொடுத்தவருக்கு அழைப்பிதழே போவதில்லை. இதைச் சரிசெய்யப் பணம் தேவைப்படாது. விளையாட்டு ஒதுக்கீட்டு விண்ணப்பப் படிவத்தில் ‘முதலில் பயிற்சி அளித்தவர்’ என்று ஒரு வரியைச் சேர்த்து, விழா அழைப்பிதழை அந்தப் பெயருக்கும் அனுப்பினால், அடுத்த ஆண்டிலிருந்தே அவரும் அந்த அரங்கில் இருப்பார்.