பக்கத்துச் சூலமும் தெரிய, தூரத்து மலையும் தெரிய...

தோட்டத்தை விட்டு வெளியேறும் நாள் நெருங்கும்போதுதான் பலருக்குக் கேமராவின் நினைவு வருகிறது. லயத்து வீடுகள் இடிபடும் முன், கோயிலையும் திடலையும் பின்னால் நிற்கும் மலையையும் சேர்த்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். கேமராவின் சின்னத் திரையில் அது பளிச்சென்றுதான் இருக்கும். மண்டபத்தில் மாட்டுவதற்காக மூன்றடி அகலத்துக்குப் பெரிதாக்கும்போதுதான் குறை தெரியவரும். மலை தெளிவாக இருந்தால் முன்னால் நிற்கும் சூலம் கலங்கியிருக்கும். சூலம் தெளிந்தால் மலை மங்கியிருக்கும். திரும்பப் போய் எடுக்கலாம் என்றால், அங்கே தகரவேலி அடைத்திருப்பார்கள்.

இது கேமராவின் விலையால் வரும் குறை அல்ல. எந்த லென்ஸாக இருந்தாலும் ஒரே ஒரு தொலைவில் உள்ளதைத்தான் முழுக் கூர்மையோடு பதிவு செய்யும். அதற்கு முன்னும் பின்னும் தெளிவு கொஞ்சங்கொஞ்சமாகக் குறையும். ஓரளவு குறைந்தாலும் நம் கண் அதைப் பொறுத்துக்கொள்கிறது. அந்தப் பொறுத்துக்கொள்ளும் பரப்பைச் சூலத்திலிருந்து மலை வரை நீட்டுவதுதான் இங்கே வேலை.

லென்ஸின் துளையைச் சுருக்கினால் அந்தப் பரப்பு நீளும். எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும் என்பது புதியவர்களைக் குழப்பும் கணக்கு. அப்படியானால் எஃப் 22 வரை போய்விடலாமே என்று தோன்றும். கூடாது. மிகச் சிறிய துளை வழியாக நுழையும் ஒளி சிதறிப் பரவுவதால் படம் முழுவதுமே மென்மையாகிவிடும். 1932-இல் அமெரிக்காவில் ஆன்சல் ஆடம்ஸ் முதலானோர் தங்கள் குழுவுக்கு ‘எஃப் 64’ என்றே பெயர் வைத்தார்கள். ஆனால் அது பெரிய தகடு பொருத்திய கேமராக்களின் காலம். இன்றைய கேமராக்களுக்கு எஃப் 8 முதல் 11 வரை போதும்.

அடுத்தது, எங்கே குவிப்பது? கேமராவோடு சேர்த்து விற்கப்படும் 18-55 மி.மீ. லென்ஸை எடுத்துக்கொள்வோம். அதை 18-இல், எஃப் 8-இல் வைத்து, ஏறக்குறைய 2 மீட்டர் தொலைவில் குவித்தால், 1 மீட்டர் முதல் அடிவானம் வரை தெளிவாக விழும். இதை ‘ஹைப்பர்ஃபோகல்’ தொலைவு என்பார்கள். அதே லென்ஸை 55-க்கு இழுத்தால் அந்தத் தொலைவு 19 மீட்டராகிவிடும். அதனால்தான் தூரத்துக் காட்சிக்கு ‘ஸூம்’ செய்பவர்களுக்கு முன்புறம் கைவிட்டுப் போகிறது.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இது கைநீட்டும் தூரத்தில் பிடித்துப் பார்க்கும் சிறிய படத்துக்காகப் போடப்பட்ட கணக்கு. மூன்றடிப் படத்தில் மலை சற்றே மங்கலாகத் தெரியும். ஆகவே 2 மீட்டருக்குப் பதில் 4 மீட்டரில் குவிப்பது நல்லது. முன்புறத்தில் இழப்பது ஒரு முழத்துக்கும் குறைவு. மலையில் விழும் மங்கலோ பாதியாகிவிடும். முன்னால் முக்கியமாக எதுவுமே இல்லையென்றால் நேராக மலையிலேயே குவித்துவிடலாம்.

லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை நம்பித் திருகி விடுபவர்கள் உண்டு. தானியங்கி லென்ஸ்கள் பல அந்தக் குறியையும் தாண்டிச் சுழலும். பின்திரையில் காட்சியைப் பத்து மடங்கு பெரிதாக்கி, ஒரு மரத்தண்டின் விளிம்பு கூர்மையாகும் வரை கையால் திருப்புவதே நம்பகமான வழி. கேமரன் மலையின் காலைப் பனிமூட்டத்தில் இது இன்னும் முக்கியம். வெள்ளைப் பனியில் பற்றிக்கொள்ள விளிம்பு எதுவும் கிடைக்காமல் தானியங்கிக் குவியம் முன்னும் பின்னுமாக அல்லாடும்.

குளிரூட்டிய காரிலிருந்து கேமராவைச் சட்டென்று வெளியே எடுத்தால் லென்ஸில் நீர்த்திவலை படியும். துடைத்தாலும் மறுபடி படியும். பையிலேயே அரைமணி நேரம் விட்டுவைத்தால் சரியாகிவிடும்.

குவியம் சரியாக இருந்தும் படம் கலங்கினால் பெரும்பாலும் கைநடுக்கம்தான் காரணம். எஃப் 11-இல் ஒளி குறைவாகவே நுழைவதால் விடியற்காலையில் முக்காலி இல்லாமல் முடியாது. பொத்தானை அழுத்தும் அதிர்வுகூடப் படத்தில் விழும்; 2 விநாடி ‘டைமர்’ வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும்.

கைப்பேசி மட்டுமே இருப்பவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அதன் உணரி மிகச் சிறியது என்பதால் பக்கமும் தூரமும் ஏறக்குறைய ஒன்றாகவே தெளியும். நடுத்தூரத்தில் ஓரிடத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் பல கைப்பேசிகளில் குவியம் பூட்டிக்கொள்ளும். ஆனால் எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினால் அது சுருங்கித்தான் போய்ச் சேரும். அச்சகத்துக்கு அனுப்புவதாக இருந்தால் ‘டாக்குமெண்ட்’ என்று இணைத்து, மூலக் கோப்பையே அனுப்ப வேண்டும்.