64 கிலோபைட்டுக்குள் தமிழ்

இன்று கைத்தொலைபேசியில் இடம் போதவில்லை என்றால் தம்பி தங்கைகள் படங்களை அழிப்பார்கள். நான் சொற்களை அழித்தவன்.

1990இல் பிரிக்பீல்ட்ஸில் வாடகை அறையில் இருந்தேன். சொந்தமாகக் கணினி இல்லை. கிள்ளானில் நண்பனின் தந்தையார் அலுவலகத்தில் ஒன்று இருந்தது. கணக்கர் வீடு திரும்பிய பிறகுதான் அது எங்களுக்கு. டர்போ பாஸ்கலில் 5,000 சொற்கள் கொண்ட அகரமுதலி செய்து விழாவில் காட்டுவதாக வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

முதல் சிக்கல் எழுத்து. ஒரு பைட்டுக்கு 256 இடங்கள், பாதி ஆங்கிலத்திற்கு. மீதி 128இல் நம் 247 எழுத்துகளும் எப்படி அமரும்? எனவே 'கொ'வைக் கொம்பு, ககரம், கால் என மூன்று குறிகளாகப் பிரித்தோம். 'பூ' ஒரே குறி. (முத்து நெடுமாறன் 1985இல் முரசு மென்பொருளைத் தொடங்கியதும் இத்தகைய சிறு கணினிகளின் காலத்தில்தான்.)

ஒரு சொல்லுக்கு 30 குறிகள், நீளத்தைக் காட்ட ஒரு பைட், ஆக 31. 5,000 சொற்களுக்கு 155,000 பைட். கணினியிலோ 640 கிலோபைட்! ஆனால் நிரலை இயங்கு வடிவுக்கு மாற்றும் தொகுப்பி, 'ஸ்ட்ரக்சர் டூ லார்ஜ்' என்று மறுத்துவிட்டது. அன்றைய செயலி நினைவகத்தை 64 கிலோபைட் கூறுகளாகவே கையாண்டது. 16 பிட்டால் எண்ணக்கூடியது 65,536 பைட்தான். வீட்டில் பத்து அறைகள் இருந்தாலும் ஒரு கட்டில் ஓர் அறைக்குள் அடங்கத்தானே வேண்டும்?

வெட்கத்தோடு பட்டியலை 2,000 சொற்களாக வெட்டினேன். அதைப் பார்த்த நண்பன் கேட்டான்: "ஏன்டா, 'பூ'வுக்கும் 31 பைட்டா?"

அங்கேதான் வழி பிறந்தது. ஒவ்வொரு சொல்லையும் அதன் நீளத்திற்கு மட்டும் இடம் கேட்டு, ஹீப் எனும் மிச்ச நினைவகத்தில் வைத்தோம். 'பூ'வுக்கு 2 பைட் போதும். அணியில் சொற்களுக்குப் பதில் அவற்றின் முகவரிகள்: ஒன்றுக்கு 4 பைட், மொத்தம் 20,000. ஒரே கூறில் அடங்கியது.

ஆனாலும் இயக்கினால் நினைவகம் தீர்ந்தது. திருத்தியும் தொகுப்பியும் எங்கள் நிரலும் ஒரே நேரத்தில் உள்ளே உட்கார்ந்திருந்ததே காரணம். நிரலை வட்டில் எழுதச் சொல்லி, டர்போ பாஸ்கலை மூடிவிட்டு, டாஸிலிருந்து நேராக இயக்கினோம்.

விழாவில் 5,000 சொற்களும் ஏறின. பார்த்த ஒருவர், "ஆங்கிலப் பொருளையும் சேர்க்கலாமே" என்றார். மறுநாள் மாலை மீண்டும் கிள்ளானுக்குப் பேருந்து ஏறினேன்.